சின்னதாக ஒரு பாகம்

கொருக்குப்பேட்டை,
6.8.2005

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜெய்பீம். இங்கே மூன்று பேரும் நலம். நலம் என்றால், அம்மாவுக்கு மூச்சிரைப்பு மழைக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. நைனாவுக்கு முட்டி. எனக்கு ஒன்றும் இல்லை. உன் உடம்பைப் பற்றி எழுது. போன தடவை பல்வலி என்றாய். பிறகு பேச்சே இல்லை.

நீ விட்டுப்போன கம்ப்யூட்டர் செத்துவிட்டது. யாரோ கொண்டுவந்த ஃப்ளாப்பியில் வைரஸ். எழுகிறது, பாதியில் நிற்கிறது, மறுபடி முதலிலிருந்து எழுகிறது. நாள் முழுக்க. டோல்கேட் கம்ப்யூட்டர் கடைக்காரர் மூன்றாவது முறையாக அதே திருட்டு சிடியோடு வந்தார். "எல்லாரும் இத்ததாம்மா போடறாங்கோ" என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். யாருடையதோ ஒரு நாற்காலியில் கேட்காமல் உட்கார்ந்திருப்பது போல இருந்தது இத்தனை நாளும்.

ஃப்ளோரா மிஸ்ஸின் ஆய்வேடு பாதியில் நிற்கிறது. ராயபுரத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவர். நல்லவர். ஆனால் அவருக்குப் பல்கலைக்கழகம் தேதி கொடுத்திருக்கிறது. எம்.ஏ. முடித்ததிலிருந்து பிறர் எழுதியதை அடித்துக் கொடுப்பதுதான் என் வேலை. அதுவும் நின்றால் இந்த அறையில் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

நீ எப்போதும் லினக்ஸ் லினக்ஸ் என்பாய். கம்ப்யூட்டரை ஓட்டும் அமைப்பு, யாரும் திருட வேண்டாம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பாய். அதில் பல வகை என்றும் சொன்னாய். எது எனக்கு? உள்ளே எப்படி ஓடுகிறது என்று பார்க்க எனக்கு ஆசை இல்லை. தமிழ் அடிக்க வேண்டும். அச்செடுக்க வேண்டும். மறுநாள் காலையில் அது அதே இடத்தில் இருக்க வேண்டும்.

ஈமெயில் வேண்டாம். கடிதமாகவே எழுது. உன் போன கடிதம் நான் வீட்டுக்கு வருவதற்குள் பிரிந்திருந்தது. "போஸ்ட்மேன் பிரிச்சிகீறான், கலீஜ் பய" என்றார் நைனா. இரண்டு வருடமாக அவர் உன் பெயரைச் சொல்வதில்லை. ஆனால் தபால்காரர் உன் கடிதங்களை மட்டும்தான் பிரிக்கிறார்.

பல்லைக் கவனி.

மித்ரா


ஹூப்ளி,
19.8.2005

பாப்பா,

ஜெய்பீம். பல்லைப் பிடுங்கியாயிற்று. மற்றபடி உடம்பு சரியாக இருக்கிறது. அறை மாறிவிட்டேன், உறையின் பின்பக்கம் உள்ள முகவரிக்கு எழுது. இந்த வருடத்தில் மூன்றாவது அறை. முந்தையதில் ஒரு குறையும் இல்லை.

கல்லூரி லேபில் நாற்பது கம்ப்யூட்டர்கள் என் பொறுப்பு. ஓய்வு நேரத்தில் ஒன்றில் மட்டும் என் இஷ்டம். லினக்ஸ் வகைகளில் ஃபெடோரா புதிது, ஆறேழு மாதத்துக்கு ஒரு முறை தோலுரித்துக்கொள்ளும். சூசே பச்சை நிறம், ஒழுங்கான வீட்டுப் பிள்ளை. மாண்ட்ரிவா எல்லோரையும் சிரித்துக்கொண்டே உள்ளே கூப்பிடும். டெபியன் கிழம். பழைய சட்டையை மாற்றாது, அவசரப்படாது, அதோடு இருந்தால் நமக்கும் வயதாகிவிடும். ஒவ்வொன்றிலும் ஒரு மாதம் இருந்து பார்க்கிறேன். பிறகு அழித்துவிட்டு அடுத்தது.

இப்போதைக்கு இதோடு நாப்பிக்ஸ் சிடி அனுப்புகிறேன். இது உன் கம்ப்யூட்டருக்குள் எதையும் எழுதாது. சிடியிலிருந்தே ஓடும். சிடியை எடுத்துவிட்டால் வந்துபோன தடமே இருக்காது. பிடிக்காவிட்டால், ஒன்றும் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அம்மா இன்ஹேலரை ஒளித்து வைப்பாள். அரிசி டப்பாவுக்குப் பின்னால் பார்.

பீம்


கொருக்குப்பேட்டை,
10.9.2005

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜெய்பீம். இன்ஹேலர் அங்கேதான் இருந்தது. அம்மாவுக்குக் கொஞ்சம் தேவலை. நீ சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள். எந்த எண்ணெயில் சமைக்கிறார்கள் என்றும்.

சிடி ஓடுகிறது. எழும்போது மேலே ஒரு பென்குயின் உட்கார்ந்திருக்கிறது. நைனா கட்டிலில் படுத்தபடி பார்த்தார்.

"இன்னாடி அது, காக்காவா?"

"பென்குயின், நைனா."

"வயித்தப் பாரு. யூனியன் லீடர் கணக்கா குந்திகினு கீது."

அம்மா சிரித்துச் சிரித்து இருமினாள். யார் அனுப்பியது என்று அவர் கேட்கவில்லை. சிடி வந்த உறையை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். பின்பக்கத்தைக் கொஞ்சம் அதிக நேரம். புது முகவரி அங்கேதான் இருந்தது.

இதில் தமிழ் கட்டம் கட்டமாக வருகிறது. பழைய எழுத்துருவைச் சேர்த்தால் சரியாகிறது. ஆனால் அணைத்துவிட்டால் எல்லாம் மறந்துபோகிறது. எழுத்துரு, விசைப்பலகை, பிரிண்டர் எல்லாவற்றையும் தினமும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். காலையில் எழுந்ததும் வீட்டில் இருப்பவர்களிடம் என் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்வது மாதிரி. உனக்கு இது ஏன் பிடிக்கிறது என்று புரிகிறது. எனக்கு ஆகாது. தங்குகிற ஒன்றை அனுப்பு.

இன்னொன்று. ஒரு தமிழ் எம்.ஏ.வுக்குக் கடிதம் எழுதுகிறாய், அதை மறக்காதே. இப்போதே சொல்லிவைக்கிறேன். பூட், மவுண்ட், கெர்னல் என்று அடுக்கி அனுப்பினால் படிக்கமாட்டேன். தமிழில் எழுது. சொல் இல்லாவிட்டால் உண்டாக்கு.

அக்டோபர் பதினான்கு தம்ம தீட்சை நாள். வியாசர்பாடியில் கூட்டம். அம்மா பாயசம் வைப்பாள். வருவாயா? ஆமாம், இல்லை. ஒரு சொல் போதும்.

மித்ரா


ஹூப்ளி,
28.9.2005

பாப்பா,

ஜெய்பீம். கடலை எண்ணெய் என்று அம்மாவிடம் சொல். பாமாயில்தான். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

உத்தரவுப்படி இனித் தமிழ். பூட் என்பது எழுப்புதல். மவுண்ட் என்பது ஏற்றுதல். கெர்னல், பருப்பு. லேபில் ஒரு பையனிடம் "உன் பருப்பு பழசாகிவிட்டது" என்று சொல்லிப் பார்த்தேன். அவன் கன்னடக்காரன், தப்பித்தேன்.

உபுண்டு என்று புதிதாக ஒன்று. எழுதிக் கேட்டால் இலவசமாகத் தபாலில் அனுப்புகிறார்கள். எனக்குப் பத்து உறைகள் வந்தன, ஒன்றை உனக்கு அனுப்புகிறேன். இதைக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் வட்டில் பதிக்கலாம், தங்கும்.

அறையில் இருக்கும் என் சொந்தக் கம்ப்யூட்டரில் இப்போது மூன்று அமைப்புகள். போன வாரம் இரண்டை அழித்தேன். மறுபடி பதித்து முடித்ததும் ஒரு மணி நேரம் இருக்கிறதே, அதுதான் எனக்குப் பிடித்தது. திரையில் எதுவும் இல்லை. ஒரு கோப்பு இல்லை. யாரும் நம்மை இன்னார் என்று சொல்லவில்லை. அதன் பிறகு ஒவ்வொன்றாகச் சேர ஆரம்பிக்கிறது. சேர்ந்ததும் எனக்குக் கால் பரபரக்கிறது.

கூட்டத்தில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

பீம்


கொருக்குப்பேட்டை,
22.10.2005

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜெய்பீம். மழை பிடித்துக்கொண்டது. மூவரும் இருமுகிறோம், வேறொன்றும் இல்லை. நீ நனையாமல் இரு.

கூட்டம் முடிந்தது. பாயசம் மீந்தது. நீ அந்த ஒரு சொல்லை எழுதவே இல்லை.

உபுண்டுவை ஓட்டிப் பார்த்தேன். அழகாக இருக்கிறது. ஆனால் நம்முடைய பழைய கம்ப்யூட்டர் அதைச் சுமக்க முடியாமல் மூச்சு வாங்குகிறது, அம்மா மாதிரி. பதிக்க உட்கார்ந்தபோது நடுவில் ஒரு கேள்வி கேட்டது. வட்டு முழுவதையும் அழிக்கட்டுமா, அல்லது பார்ட்டிஷன் செய்கிறாயா? கை நின்றுவிட்டது. அந்த வட்டில் உன் பழைய கோப்புகள் இருக்கின்றன. நாப்பிக்ஸ் போட்டு உள்ளே பார்த்தேன், கோபித்துக்கொள்ளாதே. எல்லாம் வேலை கேட்டு எழுதிய விண்ணப்பங்கள். நாற்பத்தொன்று. எண்ணூர்க் கம்பெனியில் நைனா சொல்லி வாங்கிக் கொடுத்த வேலையில் நீ இருந்த அந்த எட்டு மாதத்தில் எழுதியவை. ஒவ்வொரு வாரமும் வேறு ஓர் ஊருக்கு.

அதனால் அணைத்துவிட்டேன்.

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். நீ ஒவ்வொன்றிலும் புதிதாக என்ன இருக்கிறது என்று சொல்கிறாய். நான் நாள் முழுக்க என்ன செய்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். தட்டச்சுப் பள்ளியில் கற்ற அதே விசைகளில் தமிழ் அடிக்கிறேன். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அச்செடுக்கிறேன். பிறர் கொண்டுவரும் ஃப்ளாப்பியைத் திறக்கிறேன். இணையம் இல்லை. நினைவகம் சின்னது. எதுவும் மாறாமல் இருந்தால் போதும், மாறுவதற்கு எனக்கு நேரம் இல்லை. அதனால் கேட்கிறேன். நீ கிழம் என்று கேலி செய்தாயே, டெபியன், அதை அனுப்பு.

பார்ட்டிஷன் எப்படிச் செய்வது என்றும் எழுது. அந்தச் சொல்லுக்கும் தமிழ் வேண்டும்.

மித்ரா


ஹூப்ளி,
4.11.2005
(இரண்டு சிடிக்களுக்கு நடுவில் மடித்து வைத்த துண்டுத்தாள்)

மித்ரா,

ஜெய்பீம். சுகம்தானே? தபால் ஆபீசில் நின்று எழுதுகிறேன், மூடப்போகிறார்கள்.

முதலில் பாகம் பிரி. மொத்தத்தையும் ஒன்றாக வைத்தால் பின்னால் தொல்லை. எனக்குச் சின்னதாக ஒரு பாகம் போதும், பெரியது உனக்கு. என் பழைய சாமான்கள் அதில் கிடக்கட்டும், கை வைக்காதே. ஒரு முறை பிரித்துவிட்டால் திரும்பச் சேர்ப்பது கஷ்டம். யோசித்துச் செய். நைனாவைக் கேட்க வேண்டாம், அவருக்குப் புரியாது.

பீம்


கொருக்குப்பேட்டை,
17.11.2005

அண்ணா,

ஜெய்பீம். அம்மாவுக்கு உடம்பு பரவாயில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

உன் பொட்டலம் வந்தபோது நான் ராயபுரத்தில் இருந்தேன். திரும்பி வந்தால் நைனா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு சிடிக்களும் பிரிக்காமல் பக்கத்தில் கிடந்தன. துண்டுத்தாள் மட்டும் கையில்.

"ஒன் அண்ணன் எய்திகீறான். படி."

ஒன் அண்ணன். இரண்டு வருடத்தில் முதல் தடவை.

படித்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் நான் செய்த தப்பு.

"சிரிக்கிறியா? ரெண்டு பேரும் பேசி வெச்சிகினுதான் எய்தறீங்களா? நைனாவுக்குப் புரியாதாம். நாப்பது டன்னு பொட்டிய ஹார்பர்ல கிரேன்ல தூக்கி எறக்குனவன் நானு. கீழ ஒரு ரூம்பு, மேல ஒரு ரூம்பு. இத்தப் பிரிக்கறது எனக்குப் புரியாதா?"

"நைனா, அது வூடு இல்ல. கம்ப்யூட்டர் உள்ள ஒரு தட்டு கீது, அத்த..."

"பாகம்னு எய்திகீறான். பழைய சாமான்னு எய்திகீறான். எனக்குப் படிக்கத் தெரியும்டி."

அம்மா உள்ளேயிருந்து, "கேட்டா கேக்கட்டுமே, அவன் வூடுதான?" என்றாள். அதோடு பேச்சு நின்றது.

பார்ட்டிஷன் என்று நீ எழுதியிருந்தால் அவர் தாண்டிப் போயிருப்பார். தமிழில் எழுது என்று நான்தான் கேட்டேன்.

மறுநாள் பத்திரம் எழுதும் ராசையாவைப் போய்ப் பார்த்தார். மேல் அறை உனக்கு, கீழே எனக்கு. அதற்கு மறுநாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். அங்கே கிடந்த உடைந்த ஃபேன், துருப்பிடித்த டிரங்குப் பெட்டி, சாக்கு மூட்டைகள் எல்லாவற்றையும் இறக்கினார். சுண்ணாம்பு வாங்கிக் கரைத்தார். ஏன் என்று கேட்டேன்.

"கலீஜா குடுத்தா இன்னா சொல்வான்? நைனா குப்பையக் குடுத்தான்னு ஊர்ல சொல்லமாட்டானா?"

திட்டிக்கொண்டே அடிக்கிறார். எண்ணூர் வேலையை விட்டதற்கு, சொல்லாமல் போனதற்கு, ஊர் ஊராகத் திரிவதற்கு. நடுவில் ஒரு தடவை, நான் கேட்கவில்லை என்று நினைத்து, "வரட்டும். கையெய்த்துப் போட வந்துதான ஆவணும்" என்றார்.

அண்ணா, இன்னொரு முறை விளக்கலாம். கம்ப்யூட்டரைப் போட்டுத் திரையிலேயே காட்டலாம். காட்ட வேண்டுமா என்று தெரியவில்லை. நீயே அவருக்கு ஒரு வரி எழுது. எதுவானாலும் நீ எழுது.

மித்ரா


ஹூப்ளி,
20.12.2005

பாப்பா,

ஜெய்பீம். எல்லோர் உடம்பும் சரிதானே? எனக்கு ஒரு காய்ச்சல் வந்து போயிற்று.

உன் கடிதம் வந்து நான்கு வாரம் ஆகிறது. தினமும் பையிலேயே வைத்திருந்தேன். லேபில் சொன்னேன், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், முதலில்.

அவரிடம் சொல்லிவிடு. அது வட்டுதான் என்று திரையில் காட்டு. எனக்கு அந்த வீட்டில் எதுவும் வேண்டாம் என்றும் சொல். மேல் அறையை வாடகைக்கு விடுங்கள், அம்மாவின் மருந்துக்கு ஆகும்.

நைனாவுக்கு எழுத இரண்டு முறை உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று வரவில்லை.

ஜனவரியில் புனே போகிறேன். வேறு வேலை. இங்கே குறை ஒன்றும் இல்லை. முகவரி இந்தத் தாளின் கீழே.

டெபியன் எப்படி ஓடுகிறது என்று நீ எழுதவே இல்லை.

பீம்


கொருக்குப்பேட்டை,
21.1.2006

அண்ணா,

ஜெய்பீம். புனேயில் குளிர் என்கிறார்கள். போர்வை வாங்கிக்கொள். இங்கே அம்மா நலம். நான் நலம். நைனாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

பொங்கலுக்கு மறுநாள் டெபியன் சிடியைப் போட்டு, பாகம் பிரிக்கும் இடம் வந்ததும் அவரைக் கூப்பிட்டேன். மழைக்கு நிறுத்திய வெள்ளையடிப்பை மறுபடி தொடங்கியிருந்தவர், கையெல்லாம் சுண்ணாம்போடு இறங்கி வந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டார். திரையில் இரண்டே வரிகள்.

"இத்தான் பாகமா?"

"ஆமா நைனா. தட்ட ரெண்டா பிரிச்சிகீது. இது பெருசு, இது சின்னது."

"இதுல அவனுக்கு எது?"

"சின்னது."

"உள்ள இன்னா கீது?"

"வேலை கேட்டு எழுதின லெட்டருங்க."

"எந்த ஊர் வேலைக்கு?"

"எல்லா ஊருக்கும்."

கூட்ஸ் வண்டி ஒன்று போயிற்று. அது முழுதாகப் போகும்வரை திரையையே பார்த்தார்.

"அப்ப வூட்டப் பத்தி அவன் எய்தவே இல்ல."

"இல்ல நைனா."

"ஒரு எய்த்துகூட."

 கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது.

"பாகம் கேட்டான்னு நெனச்சி பேஜாராத்தான் இருந்திச்சி. ஆனா கேட்டான்ல. சண்ட போடவாச்சும் வருவான்னு இருந்தேன். ஒண்ணுமே வோணாம்னு கீறவன்கிட்ட இன்னாத்த சண்ட போடறது?"

உன் டிசம்பர் கடிதம் என் கையிலேயே கிடைத்தது, அதில் நீ சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை. அவரே தெரிந்துகொண்டார்.

அதன் பிறகு மேலே போகவில்லை. மூன்று சுவர் வெள்ளை, ஒரு சுவர் பழைய நீலம், அப்படியே நிற்கிறது. வாளியில் சுண்ணாம்பு காய்ந்து கட்டியாகிவிட்டது. ராசையா இரண்டு முறை ஆள் அனுப்பினார். "அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார். தபால்காரர் வந்தால் எழுந்திருப்பதில்லை. இந்த வாரம் தாமதமாக வந்த உன் பொங்கல் வாழ்த்து உறை, நான் வீட்டுக்கு வரும்வரை ஜன்னலில் பிரிக்காமல் கிடந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

டெபியனைக் கேட்டிருந்தாய். பதித்துவிட்டேன். கனமான அலங்காரத் திரையை எடுத்துவிட்டு, இருப்பதிலேயே சின்னதை வைத்துக்கொண்டேன். எழுதும் செயலி திறப்பதற்குள் டீ போட்டுவிடலாம், ஆனால் திறக்கிறது. தமிழ் விசைகள் கிடைத்துவிட்டன. ஃப்ளோரா மிஸ்ஸின் ஆய்வேடு முடியப்போகிறது. காலையில் எழுந்தால் எல்லாம் அதே இடத்தில் இருக்கிறது. இது என்னோடது என்று சொல்ல முடிகிறது.

அண்ணா, எது உனக்குப் பொருந்தும் என்று நீ ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. அடுத்தது எது என்றுதான் கேட்கிறாய்.

இனி நான் எழுதப்போவதில்லை. நீ எழுத வேண்டிய கடிதம் எனக்கு இல்லை.

மித்ரா


புனே,
12.3.2006

நைனாவுக்கு,

ஜெய்பீம். முட்டி எப்படி இருக்கிறது? இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை உங்கள் பெயருக்கே அனுப்புகிறேன். நீங்களே பிரிக்கலாம்.

எண்ணூர் வேலை கஷ்டமாக இருந்ததால் நான் அதை விட்டுப் போகவில்லை. வேலை எனக்கு நன்றாகவே வந்தது. எட்டு மாதத்தில் அங்கே ஒருவர்கூட என் பெயரைக் கேட்கவில்லை. பொன்னுரங்கம் பையன். கேன்டீனில், கேட்டில், சம்பளம் கொடுக்கிற இடத்தில், எல்லா இடத்திலும் பொன்னுரங்கம் பையன். உங்கள் மேல் அவர்களுக்கு இருந்த மரியாதை அது. இப்போது புரிகிறது. அப்போது ஓர் உருப்படியை இறக்கி வைத்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. இதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் போய்விட்டேன். போன இடத்தில் பெயரைக் கேட்டார்கள். எல்லா ஊரிலும் கேட்டார்கள். கேட்டுவிட்டு மறந்தார்கள்.

அந்தத் துண்டுத்தாளில் நான் வீட்டைப் பற்றி எழுதவில்லை. அது உண்மை. இப்போது எழுதுகிறேன்.

மேல் அறை எனக்கு வேண்டும். கேட்கிறேன். எனக்குப் பாகம் கொடுங்கள்.

வந்து அங்கேயே இருந்துவிடுவேன் என்று எழுதினால் அது பொய்யாகலாம். கையெழுத்துப் போட வருகிறேன். எத்தனை நாள் தங்குவேன் என்று எனக்கே தெரியவில்லை. சண்டை போடுவதானால் போடுங்கள்.

என் கம்ப்யூட்டரையும் கொண்டுவருவேன். அதில் இப்போது ஒரே ஓர் அமைப்புதான் இருக்கிறது. இரண்டு மாதமாக எதையும் அழிக்கவில்லை.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். மித்ரா பேசினால், கேட்டதாகச் சொல்லுங்கள்.

பீம்ராவ்


25.3.2006

அனுப்புநர்
கி. பொன்னுரங்கம்,
கிரேன் ஆபரேட்டர், ஓய்வு,
கொருக்குப்பேட்டை, சென்னை.

பெறுநர்
பொ. பீம்ராவ்,
புனே.

பொருள்: மேல் ரூம் சம்பந்தமாக.

ஐயா,

ஜெய்பீம். தங்கள் 12ஆம் தேதிக் கடிதம் கிடைக்கப்பெற்றேன். இங்கு யாவரும் சௌக்கியம். முட்டி அப்படியே கீது.

மித்ரா பக்கத்துல நின்னுகினு சிரிக்குது. யூனியனுக்கும் ஆபீசுக்கும் எழுதுனது தவிர நான் யாருக்கும் லெட்டர் எழுதுனது கிடையாது. எனக்குத் தெரிஞ்சது இப்படித்தான். பொறுத்துக்கொள்ளவும்.

மேற்படி ரூமைத் தங்கள் பேருக்கு எழுத ராசையாவிடம் சொல்லியாகிவிட்டது. மித்ராவுக்குச் சம்மதம். நீ நேரில் வரத் தேவையில்லை என்று ராசையா சொன்னார். வரணும்னு நான் சொல்லிட்டேன். எத்தினி நாள் இருப்பே என்று நான் கேட்கவில்லை. அது உன் இஷ்டம்.

எண்ணூர் விஷயம். உன் பேரைச் சொல்லிக் கூப்பிடலைன்னு அன்னிக்கே நீ சொல்லியிருந்தா நானே கேட்டுக்குப் போயி நின்னுகினு கேட்டிருப்பேன். ஏன்டா, என் புள்ளைக்குப் பேரு இல்லையான்னு. அந்தப் பேரை வெச்சவன் நான்தானே. ரெஜிஸ்டர் ஆபீசுல ராவ்னு வெச்சா வடக்கத்தி ஆளுன்னு நெனப்பாங்கன்னு சொன்னான் ஒருத்தன். நெனச்சா நெனச்சிக்கோ, அது எங்க தலைவர் பேரு, எழுதுடான்னு சொன்னேன். இது உனக்குத் தெரியாது. இப்போது தெரிவித்துக்கொள்கிறேன்.

உங்க அம்மா, பாமாயில்தான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்னு எழுதச் சொல்லுது.

மேல் ரூமில் பிளக் பாயிண்ட் ஒன்றுகூட கிடையாது. ஃபேனுக்கே லைட்டுல இருந்துதான் இழுத்து வெச்சது. கம்ப்யூட்டரை எந்தப் பக்கம் வைப்பாய் என்று தெரியணும். ரயில்வே பக்கம் காத்து வரும், ஆனா கூட்ஸ் போனா அதிரும். தெரு பக்கம் அதிராது, ஆனா சத்தம். வயரிங் வேலப்பன் அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வரான். செவுத்த ஒரு வாட்டிதான் ஒடைப்பேன், மாத்திச் சொன்னா இன்னொரு வாட்டி ஒடைக்கமாட்டேன்னு கண்டிஷனா சொல்லிட்டான்.

ஆகையால் தாங்கள் நன்கு யோசித்து, எந்தப் பக்கம் என்று போன் பண்ணியாவது உடனே தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். போன் பண்ணினால் தெருமுனை பி.சி.ஓ. கடையில் என் பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல். வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கி. பொன்னுரங்கம்
(நைனா)